ட்ரொலிக்குள் குனிந்து பாராத ஆறு வருடங்கள்

வெள்ளவத்தை, காலி வீதி, வைகறை சுப்பர் மார்க்கெட்டில் பன்னிரண்டு வருடம் முகாமையாளராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திரு. சவுந்தரநாயகம் யோகநாதன் அவர்களுக்கு ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்

கண்டிப்பிலே கல்லாய், கருணையிலே கனியாய் எங்களைக் காத்த காவலரே! ஜெர்மன் மண்ணில் மலிவு விலைக் கடைச் சங்கிலியொன்றில் பத்தொன்பது வருடம் உழைத்து, அங்கு கற்றதையெல்லாம் கட்டிக்கொண்டு கொழும்பு வந்த கொள்கைக் குன்றே! சொன்ன விலையில் சதமும் குறைக்காத சத்திய சீலரே! வணக்கம்.

ஐயா, இது நாங்கள் முதலில் எழுதிய மடல் அல்ல. அது திங்கட்கிழமையே முடிந்து, கொட்டாஞ்சேனையில் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்தாயிற்று. அதில் இன்னும் ஒன்பது அடைமொழிகள் இருந்தன. செவ்வாய்க்கிழமை உங்கள் மேசையை ஒதுக்கப் போன இடத்தில் கடைசி லாச்சியைத் திறந்தோம். அன்றிலிருந்து எங்களில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. பழைய மடலைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு இதை எழுதியிருக்கிறோம். தமிழ் ஆங்காங்கே தடுமாறினால் பொறுத்தருள்க.

நீங்கள் வந்த புதிதில் வெள்ளவத்தையே உங்களைப் பார்த்துச் சிரித்தது. சாமானை அழகாக அடுக்காமல், பெட்டியை வெட்டி அப்படியே தட்டில் வைத்தீர்கள். பருப்பில் ஒரு வகை, பால்மாவில் ஒரு வகை, அதற்கு மேல் கேட்காதே என்றீர்கள். பத்து ரூபாய் நாணயக் குத்தி போட்டால்தான் ட்ரொலி கழலும் என்றதும், இது கடையா கோயில் உண்டியலா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் நாள் முழுக்க நின்று கால் வீங்கிய எங்களுக்குக் கவுண்டரில் கதிரை போட்டுத் தந்தவரும் நீங்களே. ஜெர்மனியில் காசாளர்கள் இருந்தபடிதான் வேலை செய்கிறார்கள் என்று முதலாளியோடு மல்லுக்கட்டி வாங்கித் தந்தீர்கள். அந்தக் கதிரைகளில் இருந்துகொண்டுதான் உங்களுக்கு நாங்கள் அந்த அநியாயத்தைச் செய்தோம்.

ஒரு பாடத்தை ஓயாமல் சொன்னீர்கள். யார் வந்தாலும் ட்ரொலிக்குள் குனிந்து பார்க்க வேண்டும். அமைச்சர் வந்தாலும் பார்க்க வேண்டும், ஐயர் வந்தாலும் பார்க்க வேண்டும். அது சந்தேகம் அல்ல, எல்லோரையும் ஒன்றாக நடத்துவது என்றீர்கள். நாங்கள் நன்றாகத் தலையாட்டினோம். ஒருவரும் குனியவில்லை.

ஆறு வருடத்துக்கு முன், தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம், கடையில் கால் வைக்க இடமில்லை. இரண்டாம் கவுண்டரில் இருந்தவர் நிருஷா. வேலைக்கு வந்து நான்கு மாதம். நீங்கள் சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஒரே ஆள். அவர் முன்பின் கண்டிராத ஓர் அம்மா ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நிருஷா குனிந்து பார்த்தார். அரிசி மூட்டைக்கு அடியில் ஒரு நெய்ப் போத்தல் கிடந்தது. இதையும் பில்லில் போடட்டுமா என்று மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் பின்னால் நின்ற பெண்ணொருவர் களவு, களவு என்று சத்தம் போட, வரிசை முழுக்கத் திரும்பியது. சிலர் கைபேசியையும் தூக்கினார்கள். அந்த அம்மா உங்கள் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் ஓடி வந்தீர்கள்.

"இவ என்ட மனுசி. நான்தான் வைக்கச் சொன்னனான். இது சோதனை."

ஒருவரும் நம்பவில்லை. பாவம், மனுசியைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று யாரோ முணுமுணுத்தார். அதை நாங்களும் நம்பினோம். இரவாகுமுன் கதை யாழ்ப்பாணம் போய், கனடாவும் போய்விட்டது. நீங்கள் இரண்டாம் முறை விளக்கம் சொல்லவில்லை. விலையைப் போல உண்மையையும் ஒருமுறைதான் சொல்வீர்கள் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. அந்த மாதமே நிருஷாவைத் தலைமைக் காசாளர் ஆக்கினீர்கள். வாயை அடைக்கத் தந்த பதவி என்று நினைத்து அவர் வெட்கப்பட்டார், ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

உங்கள் மனைவி நேசமலர் அம்மா அதற்குப் பிறகும் நாலு தடவை வந்தார். உங்களுக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணி, மற்றவர்களுடையதைக் குனிந்து பார்க்கப் பழகியிருந்த நாங்கள், அவருடைய ட்ரொலி வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஐந்தாம் தடவை அவர் நிருஷாவின் கவுண்டருக்கு வந்து நின்றார்.

"பிள்ளை, உள்ளுக்கை குனிஞ்சு பார்."

"வேண்டாம் அன்ரி, பரவாயில்லை."

இன்று நினைத்தால் நிருஷாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நேசமலர் அம்மா காசைக் கொடுத்து, சாமானை எடுத்துக்கொண்டு போனார். பிறகு வரவேயில்லை. கணவர் நடத்தும் கடை வீட்டு வாசலிலேயே இருக்க, பாமன்கடைச் சந்தி வரை போய்ச் சாமான் வாங்கினார். அவருக்குக் கொழுப்பு என்று அதற்கும் ஒரு கதை கட்டினோம்.

லாச்சியில் இருந்தது ஒரு பச்சைக் கொப்பி. பன்னிரண்டு சோதனைகள், திகதி வாரியாக, உங்கள் குண்டெழுத்தில். ஜெர்மனியில் உங்களுக்குச் செய்த அதே சோதனை: தெரியாத ஒருவரிடம் சொல்லி ஒரு சாமானை ஒளித்துவைத்து, காசாளர் காண்கிறாரா என்று பார்ப்பது. முதல் பதினொன்றிலும் ஒரே முடிவு: காணவில்லை. ஆறாவதில் எங்களில் ஒருவரான ஷஸ்னாவின் கவுண்டர் இருந்தது. வாங்கியவர் நளீபா டீச்சர் என்று எழுதியிருந்தது; அப்போது புதுமுகம், இன்று எங்கள் வாடிக்கைக்காரர். ஷஸ்னா உடனே டீச்சருக்குப் போன் எடுத்தார்.

"ஓம் மகள், டின் மீன் ஒன்ட ஒளிச்சு வெச்சுக் கொண்டு போனேன். நீங்க பாக்கவே இல்ல. திருப்பி ஸேர்ட கையில குடுத்தேன். ஒருத்தருக்கும் சொல்ல வாணாம் எண்டார்."

கடைசிப் பக்கத்தில் அந்தச் சனிக்கிழமை. கவுண்டர் இரண்டு, நிருஷா. நெய்ப் போத்தல், அரிசிக்குக் கீழே. வாங்குபவர் நேசமலர், ஜெர்மனியிலிருந்து வந்து மூன்று கிழமை, இங்கு ஒருவருக்கும் முகம் தெரியாது. அதன் கீழே வேறு மையில்: கண்டுபிடித்தார். நன்று. தலைமைக் காசாளர் பதவிக்குத் தகுதியானவர். நிருஷா அதை இரண்டு தரம் வாசித்தார். வாங்கியது வாய்ப்பூட்டு என்று ஆறு வருடம் குமைந்தவர், அது தன் வேலைக்குக் கிடைத்த பரிசு என்று அப்போதுதான் அறிந்தார். அதன் பிறகு நீங்கள் ஒரு சோதனையும் வைக்கவில்லை.

ஐயா, உங்களைப் பாராட்ட வந்தோம். இப்போது உங்கள் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. இரண்டாம் வரிசையில் இருக்கும் நேசமலர் அம்மா, நீங்கள் களவெடுக்கவில்லை. இதை இந்தச் சபை கேட்கச் சொல்கிறோம், எங்கள் பெயர்களைப் போட்டுச் சொல்கிறோம். இந்த மடலை ஐயாவின் கையில் அல்ல, உங்கள் கையில்தான் தரப்போகிறோம். வருகிறவர்கள் வாசிக்கிற இடத்தில் மாட்டுங்கள்.

ஐயாவும் அம்மாவும் நோய் நொடி அண்டாமல், நித்திரை கெடாமல், நெடுங்காலம் நிறைவோடு வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்க.

நாளை காலை எட்டரை மணிக்குக் கடை திறக்கும். அம்மா, பத்து ரூபாய்க் குத்தியோடு வாருங்கள். இரண்டாம் கவுண்டரில் நிருஷா இருப்பார். எல்லோருடைய ட்ரொலியையும் போல, உங்கள் ட்ரொலிக்குள்ளும் குனிந்து பார்ப்பார்.

இங்ஙனம்,
தலைகுனிந்த ஊழியர்கள்
நிருஷா, ஷஸ்னா, ஜெயகுமார், றமேஷ், ரிம்ஸான்
வைகறை சுப்பர் மார்க்கெட், வெள்ளவத்தை