தொண்ணூற்றிரண்டு பேருக்குக் குடை

அமைதி! அமைதி! அவசர அறிவிப்பு. சுண்டல் அண்டாவுக்குப் பக்கத்தில், நீல நிறத்தில், வளைந்த கைப்பிடியோடு, ஒரு கம்பி ஒடிந்த நிலையில், குடை ஒன்று கேட்பாரற்றுக் கிடந்து கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. பறிகொடுத்தவர் பதற வேண்டாம். தக்க அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். 'நீலக் குடை' என்று மட்டும் சொன்னால் செல்லாது. ஏனென்றால் நான் எண்ணிய வரையில், இந்தப் பந்தலில் இப்போது முப்பத்தேழு நீலக் குடைகள் இருக்கின்றன.

இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க செய்தியோடு என் உரையைத் தொடங்குகிறேன்.

சித்தூர் தமிழ் வாலிபர் சங்கத்தின் மாணவர் பாராட்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, தாங்கிய களைப்பில் சற்றே கண்ணயர்ந்திருக்கும் முனிரத்தினம் ஐயா அவர்களே! இவன் கையில் மைக் போகக்கூடாது என்று நேற்றுவரை போராடித் தோற்ற செயலாளர் அருள்குமார் அண்ணன் அவர்களே! முழங்கால் வலியை மறந்து முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே! மார்க் என்ன என்று கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேட்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் நின்று விசிலடிக்கும் என் சக பாவிகளே! உங்கள் அத்தனை பேருக்கும் அன்பான, ஆனால் கொஞ்சம் கோபமான வணக்கம்.

ஏன் கோபம்? என் தலைக்கு மேலே பாருங்கள். வரவேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவருடைய பேனர் வந்துவிட்டது. இந்தப் பந்தலைப் போட்டுக் கொடுத்த தனியார் பல்கலைக்கழகத்தின் பேனர். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அதுவும் விளம்பரம். என்ன எழுதியிருக்கிறது? "நூறு பேர் கேட்டால் எட்டுப் பேருக்கே இடம்!" கதவைச் சாத்துவதை இத்தனை பெரிய எழுத்தில் பெருமையாகப் போட்டு நான் பார்த்ததில்லை.

இந்த எட்டுதான் எங்கள் வீட்டுக்குள் புகுந்து எட்டு நாளாக அடுப்படிவரை சண்டை மூட்டிக்கொண்டிருக்கிறது. நான் காலேப். பஸ் கண்டக்டர் ஜீவரத்தினத்தின் மகன். என் அக்கா கேசியா என்னைவிட ஏழு நிமிடம் மூத்தவள். அந்த ஏழு நிமிடத்தை வைத்துப் பதினேழு வருடமாக என்னை ஆள்பவள். அவளுக்கு ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்க சீட் கிடைத்திருக்கிறது. நாளை மாலை ஐந்து மணிக்குள் நேரில் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் சீட் போச்சு.

சேரலாமே, இதில் என்ன சண்டை? இந்தப் பேனர்க்காரர்களும் அவளுக்கு ஒரு சீட் கொடுத்திருக்கிறார்கள். என் நைனா சொன்னதை அப்படியே சொல்கிறேன். மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார், தப்பாகச் சொன்னால் திருத்துவார். "அங்க நூறு பேர் கேட்டா எழுவது பேருக்கு குடுக்கறாங்களாம். கேக்கறவனுக்கெல்லாம் குடுக்கறது ஒரு சீட்டா? ஊரே இந்த எட்டப் பத்தித்தான் பேசிக்கினு கீது. என் பொண்ணு அந்த எட்டுல ஒருத்தியா போவட்டும்."

கேசியா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சரி நைனா, எட்டு பேரு யாருன்னு சொல்றாங்க. அந்த நூறு பேரு யாரு?"

நூறு பேர் யார்? நைனாவுக்குத் தெரியவில்லை. பேனருக்கும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்! ஆம் தாய்மார்களே, தன்னந்தனியாக, உயிரைப் பணயம் வைத்து, ரகசியமாகத் துப்பறிந்து கண்டுபிடித்தவன் உங்கள் முன் நிற்கிறேன். அதுமட்டுமா? அந்த எட்டில் ஒருவனாக என்னையும் தேர்ந்தெடுத்து அவர்கள் அனுப்பிய கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்து எறிந்தவனும் இதே காலேப்தான்! கை தட்டலாம். தட்டியது போதும்.

இப்போது ஒரு வேலை. மே மாத வெயிலில், இதே பேனர்க்காரர்கள் காணிப்பாக்கம் போகும் சாலையோரம் பந்தல் போட்டு, போன் நம்பர் கொடுத்தவருக்கெல்லாம் நீலக் குடை கொடுத்தார்களே, அந்தக் குடை வாங்கியவர்கள் கை தூக்குங்கள். வெட்கப்படாதீர்கள். அடேயப்பா! தூக்கிய கையை இறக்கி, போனை எடுங்கள். ஜூன் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஏதோ லோன் விளம்பரம் என்று விட்டிருப்பீர்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கன்னிகா அக்கா, உங்களுக்கு என்ன வந்திருக்கிறது? மஞ்சு, நீ படி, மைக்கில், தமிழில் படி.

"வருந்துகிறோம்... ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் படிப்புக்குத் தாங்கள் தேர்வாகவில்லை..."

கேட்டீர்களா! பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் கன்னிகா அக்கா விமானம் கட்டக் கேட்டாராம், தகுதி போதவில்லை என்று தள்ளிவிட்டார்களாம்!

"அடப்பாவிங்களா, நான் எப்படா கேட்டேன்? வெயிலுக்கு கொடதானடா வாங்கனேன்!"

அக்கா, அவர்கள் கணக்கில் நீங்கள் கேட்டீர்கள். ஆட்டோ கங்கையா மாமா எம்.பி.ஏ. கேட்டார், தள்ளுபடி. விடியற்காலையில் எழுந்து இட்லிக்கடை நடத்தும் ரத்னம்மா அத்தை கேட்டரிங் கேட்டார், தள்ளுபடி! ஊருக்கே இட்லி போடுபவருக்குச் சமையல் படிக்கத் தகுதி இல்லை! சிரிக்காதீர்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தத் தொண்ணூற்றிரண்டு பேர் வேறு யாருமில்லை, நாம்தான். நம் நம்பரை வாங்கி, நம்மைக் கேட்காமலே நம்மை வரிசையில் நிற்கவைத்து, நம்மைக் கேட்காமலே நம்மைத் துரத்தி, துரத்திய எண்ணிக்கையைத் தரம் என்று பேனரில் எழுதி, நம் தலைக்கு மேலேயே மாட்டியிருக்கிறார்கள். இதற்குக் கோபம் வரவேண்டாமா? நம் பிள்ளைகளை நாமே அதற்குள் அனுப்பத் துடிக்கிறோமே, அதற்காவது வரவேண்டாமா?

"டேய் காலேப்பு, கொடைய குட்றா மொதல்ல!"

அண்ணே, அடையாளம் சொல்லுங்கள், தருகிறேன். ஒடிந்தது எத்தனையாவது கம்பி?

நைனா, உங்களைத்தான் கேட்கிறேன். நாலு வருடத்துக்கு முன் பஸ் படியில் சறுக்கி உங்கள் வலது கை உடைந்ததே, எங்கே போனோம்? புத்தூருக்குப் போனோம். எலும்பு கட்டுகிற அந்தக் கூடத்தில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள்? ஒருவரைக்கூட இல்லை. தென்னை மரத்திலிருந்து விழுந்தவரையும் கட்டினார்கள், டூவீலரில் விழுந்தவனையும் கட்டினார்கள். "நூத்துக்கு நூறு பேரயும் சேத்துக்கறாங்க, இது ஒரு வைத்தியமா" என்று எழுந்து வந்தீர்களா? வரவில்லையே! கட்டு அவிழ்த்த அன்றைக்கு, அதே கையால் என் முதுகில் ஒன்று வைத்தீர்கள். அன்றைக்குத் தெரிந்தது வைத்தியத்தின் தரம். எனக்கு இன்னும் வலிக்கிறது, அவ்வளவு தரம்!

உள்ளே எத்தனை பேரை விடவில்லை என்பதா தரம்? உள்ளே போனவர் எப்படி வெளியே வந்தார் என்பதல்லவா தரம்?

இன்னொன்றும் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்திலேயே சில படிப்புகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. அது உயர்ந்த படிப்பு என்பதாலா? எல்லாச் சமயமும் அப்படி அல்ல. சில சமயம் பெஞ்சு போதவில்லை, அவ்வளவுதான். திருப்பதி பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறி இருநூறு பேர் கீழே நின்றால், "ஆஹா, எப்பேர்ப்பட்ட பஸ்" என்று எந்தக் கண்டக்டராவது சொல்வாரா? இன்னொரு பஸ் விடு என்றுதானே டிப்போவில் சத்தம் போடுவார்!

அதனால் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாலை போடவும் நான் வரவில்லை. கேசியா அங்கே நேரில் போய் மூன்றாம் ஆண்டு அக்காமார்களிடம் விசாரித்தாள். புள்ளியியல் துறையில் ஆறு வாத்தியார் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டே பேர். கதவைத் திறந்து வைத்த அரசாங்கமே, உள்ளே விளக்கைப் போட மறந்தாயே! எழுபது பேருக்கு இடம் கொடுத்தாய், அந்த எழுபது பேருக்குப் பாடம் நடத்த ஆள் கொடுத்தாயா? நாம் அங்கே போய்க் கேட்கவேண்டிய கேள்வி இது. அதை விட்டுவிட்டு எட்டைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும் அந்த அக்காமார்களில் ஒருத்தி கேசியாவிடம் சொன்னாளாம். "ரெண்டே சாருதான்மா. ஆனா ரெண்டு பேரும் க்ளாசுக்கு வராங்க. எங்க கூட சேந்த அறுவது பேர்ல அம்பத்தி மூணு பேர் இன்னும் படிச்சிக்கினு கீறோம்." அதுதான் கணக்கு! இதே கேள்வியைத் தனியாரிடம் போனில் கேட்டாள் கேசியா. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? பதிலுக்குப் பாட்டுப் போட்டார்கள். பதினோரு நிமிடம் பாட்டு.

நைனா! நாளை மாலை ஐந்து மணி! உங்கள் பெண் எட்டில் ஒருத்தி என்று ஊர் சொல்லவேண்டுமா, உங்கள் பெண் படித்தாள் என்று ஊர் சொல்லவேண்டுமா? பேனரைப் பார்க்காதீர்கள், அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்!

எழுந்துவிட்டார். எல்லோரும் அமைதி, நைனா எழுந்துவிட்டார்.

"கேசியா, சர்டிபிகேட்டெல்லாம் எடுத்து வெய்ம்மா. காத்தால மொத பஸ்ல போலாம்."

தட்டுங்கள்! இப்போது தட்டாமல் எப்போது தட்டுவீர்கள்? கேசியா, அழாதே, நீ அழுதால் எனக்கு மைக் பிடிக்க வராது. நன்றி நைனா. இத்துடன் என் உரையை...

"இருடா. என் போன்லயும் அந்த மெசேஜ் வந்துகீது. நர்சிங்க்கு நான் லாயக்கில்லன்னு போட்டுகீது. நான் அந்தப் பக்கமே போலியேடா. கொடயும் வாங்கல. என் நம்பரு அவங்களுக்கு எப்டி போச்சி?"

...

அது வந்து, நைனா.

பெரியோர்களே. மே மாதம் நான் கம்ப்யூட்டர் கிளாஸ் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனது அந்தப் பந்தலுக்குத்தான். முன்னால் குடை கொடுத்தவர்களை நீங்கள் பார்த்தீர்கள். பின்னால் துணி மறைவில் உட்கார்ந்து, உங்கள் நம்பரையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான். எந்தப் படிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தால் அது உள்ளே வாங்காது. அதனால் ஆளுக்கொரு படிப்பை நானே போட்டேன். கன்னிகா அக்கா, விமானம் என் கைவரிசை. மன்னியுங்கள். ஒரு நாளைக்கு இருநூறு பேர் வேண்டும் என்றார்கள். ஆள் குறைந்த நாட்களில் என் போனில் இருந்த நம்பரையெல்லாம் போட்டு நிரப்பினேன். நர்சிங் அப்படித்தான்.

இது எதற்கு என்று அப்போது தெரியாது. எட்டு நாளைக்கு முன் ஊரில் இந்தப் பேனரைப் பார்த்த அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று முதல் சோறு இறங்கவில்லை. துப்பறிந்தேன் என்று சொன்னேனே, அது இவ்வளவுதான்.

கிழித்து எறிந்த கடிதம்? அப்படி ஒன்று வரவேயில்லை. சும்மா இருக்கட்டுமே என்று என் பெயரையும் போட்டிருந்தேன். எனக்கும் வருந்திவிட்டார்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. தூங்கி எழுந்த தலைவருக்கு நன்றி. கம்பி ஒடிந்த அந்தக் குடை என்னுடையதுதான், யாரும் தேட வேண்டாம். நைனா வலது கையை மடக்கிக்கொண்டு மேடைப்பக்கம் வருகிறார். புத்தூர்க் கட்டு நன்றாகவே பிடித்திருக்கிறது. அனைவருக்கும் வணக்கம், நான் பின்பக்கமாக இறங்குகிறேன்!