அஞ்சு நூல் ராட்செட்

துருவை எடுக்க அவசரப்படக் கூடாது, இன்ஸ்பெக்டரம்மா. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டால் எப்பேர்ப்பட்ட துருவும் தானே கழன்றுவிடும். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருடமாக நான் செய்வது அதுதான். நட்டுக் கழற்றும் பழைய ராட்செட்டுகளைத் தேடி வாங்கி, பிரித்து, பல்லைச் சுத்தம் செய்து மறுபடி ஓட வைப்பேன். காரைக்குடி வீட்டில் நூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன.

சாக்கெட் மாட்டும் சதுர முனை கடையில் அரை இஞ்ச் கிடைக்கும், முக்கால் கிடைக்கும். நடுவே அஞ்சு நூல், அதாவது இஞ்சில் எட்டில் ஐந்து பங்கு அளவில் ஒன்று எப்போதோ வந்து நின்றுபோனது. அதைப் புதுவயலில், லாரி மெக்கானிக் பாண்டீஸ்வரன் கையில் பார்த்தேன். ஒரு வருடம் கேட்டேன்.

"இத வச்சுத்தாண்ணே பொழப்பு ஓடுது. வேற எது வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்பார். டீ வாங்கித் தருவார். நல்ல மனிதர்.

அன்று மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் ஜாக்கியில் தூக்கிய லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். நட்டு இளகவில்லை. ராட்செட்டின் பிடியைச் சுத்தியலால் அடித்தார். உள்ளே பல் உடைந்துவிடும், அடிக்காதீர்கள் என்றேன்.

"இரும்புதானண்ணே. அதுக்கு வலிக்கவா போகுது?"

இன்னும் மூன்று அடி பொறுத்தேன். பிறகு குனிந்து ஜாக்கியின் திருகை இடப்பக்கம் அரைச் சுற்று திருப்பினேன். லாரி சத்தமில்லாமல் இறங்கியது. "அண்ணே" என்று ஒரு முறை கூப்பிட்டார்.

ராட்செட் வெளியே உருண்டு வந்திருந்தது. துடைத்துச் சுழற்றிப் பார்த்தேன். ஒரு பல்லும் போகவில்லை. அவருடைய பெட்டியிலேயே வைத்தேன். திருடுவது என் பழக்கமில்லை. அப்புறம்தான் ஆட்களைக் கூப்பிடப் போனேன். ஜாக்கி பழுது என்று உங்கள் ஆட்களிடம் சொன்னதும் நான்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவி செந்தாமரை என் வீட்டுக்கு வந்தாள். மஞ்சள் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினாள்.

"பொங்கலுக்குப் புது செட்டு வாங்குனதும் இத உங்களுக்குச் சும்மாவே குடுத்துரணும்னு சொல்லிக்கிட்டிருந்தாக. நீங்களே வச்சுக்கங்க."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வருடம் நடையாய் நடந்தவனிடம் அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இது நடந்தே இருக்காது. தப்பு அவர் பேரிலும் இருக்கிறது, அம்மா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.