லாக்லன் கிளையில் வாரிசு இல்லை

இப்படி அடுப்பருகே வந்து உட்கார், ஃபின்லே. போலீஸ் தொப்பியைக் கழற்றிவை, பூனை அதில் படுத்துக்கொள்ளட்டும். தேநீர் சூடாக இருக்கிறது, ஓட்ஸ் ரொட்டிதான் இன்று கொஞ்சம் கருகிவிட்டது. உனக்கு ஒரு கதை சொல்கிறேன். கேட்ட பிறகு உன் அறிக்கையில் ஒரு வரியை நீ அடிக்க வேண்டியிருக்கும்.

"எண்பத்துநான்கு வயது மூதாட்டி, ஞாபகப் பிசகால் தவறாக வழி சொல்லிவிட்டார்" என்று எழுதியிருக்கிறாயாம். நல்ல மனசு உனக்கு. ஆனால் ஞாபகப் பிசகா, எனக்கா? நீ ஃபின்லே, ஈவனின் மகன். ஈவன் நீலின் மகன். நீல், பாதிரியாரின் குதிரையோடு காணாமல் போன ஹெக்டரின் மகன். ஏழு தலைமுறை வரை மூச்சு விடாமல் சொல்வேன். இந்தத் தீவில் கல்யாணம் பேசினாலும் கல்லறைக்கு இடம் பார்த்தாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். அறுபது வருடத்தில் ஒரு பெயர் மாறியதில்லை.

அந்தக் கனடாக்காரர் டோர்குவில் செவ்வாய்க்கிழமை வந்தார். சிரித்த முகம், புது மழைக்கோட்டு. உட்கார்ந்த மாத்திரத்தில் ஐந்து ரொட்டி தின்றார். எனக்குப் பிடித்துப்போயிற்று.

"நான் லாக்லனோட கொள்ளுப்பேரன், எஃபியம்மா."

"எந்த லாக்லன்? இங்கே லாக்லனுக்குப் பஞ்சமில்ல."

"நொண்டி டோர்குவில் மகன். கப்பல்ல போனவர்."

"அவனா? இருபது வயசுல கடல்ல போயிட்டான். கல்யாணமே ஆகல. வாரிசில்லாத கிளை அது."

"அப்போ நான் ஆவியா? ஆவி இவ்வளவு வெண்ணெய் தின்னுமாம்மா?"

நானும் சிரித்தேன். அவர் குடும்ப பைபிளை எடுத்து, தலைமுறைப் பெயர்களை எழுதிவைத்திருந்த முதல் பக்கத்தைக் காட்டினார். லாக்லனின் மூத்த மகன் டோர்குவில், அவன் மூத்த மகன் லாக்லன், அவன் மூத்த மகன் இவர். மூத்தவனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் நம் வழக்கம் ஓரிடத்திலும் தப்பவில்லை. வெளியாள் ஒருவனால் இப்படிக் கட்டிவிட முடியாது.

"வெள்ளிக்கிழமை ஊர் மன்றத்துல இதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டப்போறேன். எஃபியம்மா சொன்னதுல ஒரு ஓட்டைன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"எனக்கென்ன கோபம். உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

"நான் தனிக்கட்டைம்மா. கூடப்பிறந்தவங்க, சித்தப்பா, பெரியப்பா, யாரும் இல்ல. எங்க வம்சம் என்னோட முடியுது."

பாவமாக இருந்தது.

வியாழக்கிழமை முன்னோரின் கல்லைப் பார்க்கக் கல்லறைத் தீவுக்குக் கிளம்பினார். கடல் வற்றும் நேரத்தில் மணலில் நடந்தே போய்விடலாம், நீர் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். எப்போது திரும்ப வேண்டும் என்பதை மட்டும் என்னிடம் கேட்டார். நம் ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் அது தெரியும். கறுப்புப் பாறையின் அடியை நீர் தொட்டதும் ஓடி வந்துவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையோரப் பள்ளம்தான் முதலில் நிறையும். நான் சொன்னது வேறு.

"பாறையோட தலை முழுகுற வரைக்கும் அவசரமே இல்ல. நிதானமாப் பாத்துட்டு வாங்க."

வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தேன். கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து காலுறை பின்னினேன். குதிகால் வளைவுக்கு வந்தபோது அவர் பள்ளத்தில் மார்பளவு நீரில் நின்று கையசைத்தார். நானும் அசைத்தேன். ஒரு கண்ணிகூடத் தவறவில்லை. பைபிள் அவர் பையிலேயே இருந்தது. உப்புநீரில் மை நிற்காது.

ஆகவே அந்த வரியை அடித்துவிடு, தம்பி. பிள்ளைகள் உண்டா என்று கேட்டுக்கொண்ட பிறகுதானே வழி சொன்னேன்? வாரிசு உள்ள குடும்பத்துக்கு நான் கெடுதல் நினைப்பேனா? லாக்லன் கிளையில் யாரும் இல்லை என்று அறுபது வருடமாகச் சொல்லிவருகிறேன். இன்றைக்குப் போய்த் தேடிப் பார், யாரும் இல்லை.

தேநீர் ஆறுகிறது, குடி. உன் வீட்டுக்காரிக்கு இது எட்டாம் மாதம் இல்லையா? பையன்தான், ஈவன் என்றுதான் பெயர் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். உன் வீட்டுத் தொட்டில் ஓயாமல் ஆடட்டும், அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.