சங்கத்திலிருந்து ஒரு போன்

— இல்ல மேடம், விலகினது விலகினதுதான். வேற யாரையாவது கூப்பிட்டுப் பாருங்க.

— அப்படி முகத்துல அடிச்ச மாதிரி சொல்லாதீங்கம்மா. மருத்துவர் சங்கத்துச் செயலாளர்னு பேரு, வாரம் பூரா எனக்கு இதே வேலை. உங்க வயசு டாக்டருங்க சேர்றதும் இல்ல, சேர்ந்தா தங்கறதும் இல்ல. கூட்டம் போட்டா மொத்தமும் நரைச்ச தலை. கண் டாக்டர் நான், எனக்கே கண்ணு கூசுது, போங்க.

— நான் ஏன் விலகினேன்னு உங்களுக்குத் தெரியாதா?

— ஏதோ கோவத்துல எந்திரிச்சுப் பேசிட்டீங்க. விடுங்கம்மா.

— கோவமா? பிரசவத்துல ஒரு பொண்ணு என் கைலயே போயிட்டா மேடம். அவசரம்னா கூப்பிடு, ஓடி வர்றேன்னு சொன்னவர் யாரு? உங்க வீட்டுக்காரர். பெரிய பிரசவ டாக்டர், சங்கத் தலைவர். பாலத்தைத் தாண்டினா உங்க வீடு. அத்தனை தடவை போன் அடிச்சும் வரல. கூட்டத்துல கேட்டேன். சின்னப் பொண்ணு, பயந்துட்டான்னு சிரிச்சாங்க. நீங்களும் மேடைலதான் உக்காந்திருந்தீங்க.

— நான் சிரிக்கலம்மா.

— வாயைத் திறக்கவும் இல்ல.

— டாக்டரம்மா! ஓடி வாங்க, இந்தப் பொண்ணுக்கு ரத்தம் நிக்கல! குழந்தைய துடைச்சு வச்சுட்டுத் திரும்பறேன், மெத்தை பூரா ஊறிக் கிடக்கு!

— இதோ வந்துட்டேன் சிஸ்டர், ஊசி எடுங்க. மேடம், போனை வைங்க. இல்ல, வைக்காதீங்க! அவர் வீட்லயா இருக்கார்?

— பக்கத்து ரூம்லதான். இப்பத்தான் சாப்பிட்டு உக்காந்தார்.

— அனுப்புங்க அவரை. இந்த ஆரம்ப சுகாதார நிலையத்துல நான் ஒத்தை ஆளு. ஸ்பீக்கர்ல போட்டு போனை ஜன்னல்ல வைக்கறேன், கத்திச் சொல்லுங்க. கர்ப்பப்பை சுருங்கவே இல்ல, தொளதொளன்னு கிடக்கு. சிஸ்டர், வயித்தை நான் அமுக்கறேன். நீங்க ஊசியைப் போட்டுட்டு உங்க போன்ல என் கூடப் படிச்ச டாக்டர், அந்த சோடாபுட்டியைக் கூப்பிடுங்க. பெரிய ஆஸ்பத்திரில என்ன ரத்தம் இருக்கோ எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க.

— போட்டாச்சு, கூப்பிட்டாச்சு. நாடி படபடன்னு ஓடுது டாக்டரம்மா, கைக்கே சிக்க மாட்டேங்குது.

— கண்ணு, என்னைப் பாரு. தூங்கக் கூடாது. உன் பிள்ள அழறது கேக்குதா? என்னா தொண்டை பாரு அதுக்கு!

— டாக்டர்... இருக்கீங்களா? அவர்கிட்ட சொல்லிட்டேன்.

— கிளம்பிட்டாரா?

— சட்டை போட்டுட்டார். கார் சாவி கைல இருக்கு. ஆனா, ஒரு வார்த்தை கேக்கச் சொல்றார்.

— இப்ப என்ன மேடம் வார்த்தை?

— ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எந்திரிச்சு, அன்னிக்குப் பேசினது தப்புன்னு நீங்க சொல்லணுமாம். ஒத்துக்கிட்டா உடனே வர்றாராம்.

— அட பாவி மனுசா! இந்தாளு டாக்டரா, அடகுக் கடைக்காரனா?

— சிஸ்டர், சலைன் பாட்டிலை அமுக்குங்க, வேகமா இறங்கட்டும். மேடம், சரின்னு சொல்லுங்க.

— என்னம்மா சொல்றீங்க?

— தப்பு என் மேலதான்னு சொல்றேன். கால்ல விழணும்னாலும் விழறேன். இவ போயிட்டா திரும்ப வர மாட்டா மேடம், என் மானத்தை நாளைக்குத் தேடிக்கறேன். அவரை ஓடி வரச் சொல்லுங்க!

— ...இருங்கம்மா, சொல்றேன்.

— டாக்டரம்மா, ஊசிக்கும் கேக்கல. ஊத்திக்கிட்டே இருக்கு.

— கிளவுஸும் டியூபும் எடுங்க. டியூப் நுனில கிளவுஸைக் கட்டி உள்ள விட்டு சலைன் ஏத்துவோம். பலூன் மாதிரி உப்பி உள்ளேருந்து அடைக்கும்.

— இந்தாங்க டியூப். நூலைச் சுத்திக் கட்டறேன்.

— கட்டுங்க. இன்னும் இறுக்கி. ஆங், அப்படித்தான். ஏத்துங்க.

— வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க! எங்க இருக்கா அவ? இந்தா, ஓ நெகட்டிவ் ரெண்டு பை. இன்னும் ரெண்டு பை மயக்க டாக்டர் கார்ல வருது. நம்ம செட்டுல டூட்டி இல்லாத அத்தனை பேரும் ரோட்டுலதான் இருக்காங்க.

— பேசாத சோடாபுட்டி, ஏத்து.

— ஏத்தறேன், ஏத்தறேன். கைய எடுத்துடாத, அமுக்கிக்கிட்டே இரு.

— தோளு கழண்டு விழுந்தாலும் எடுக்க மாட்டேன்.

— டாக்டரம்மா... இதைப் பாருங்களேன். புதுசா வச்ச துணி. நனையல.

— நாடி?

— சிக்குது. நல்லாவே சிக்குது!

— ஏய், ரத்தம் நின்னுடுச்சு. இப்ப எதுக்கு அழற?

— யாரு அழறா? வேர்வைடா. வெளிய தலைவர் கார் நிக்குதான்னு பாரு.

— கார் ஒண்ணையும் காணோம். ஜன்னல்ல உன் போன்தான் இன்னும் லைன்ல இருக்கு.

— மேடம்? இருக்கீங்களா?

— இருக்கேம்மா. எல்லாம் கேட்டேன். பொண்ணு எப்படி இருக்கா?

— கண்ணைத் திறந்து பிள்ளையைக் கேக்கறா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். தப்பிச்சுடுவா. ஏன் மேடம் அவர் வரல? நான்தான் ஒத்துக்கிட்டேனே!

— அப்படியே போய்ச் சொன்னேன். சாவியை ஆணில மாட்டிட்டார். ஒத்துக்கிட்டால்ல, அது போதும், எப்படியும் பிழைக்காத கேஸு, போய் என் பேரைக் கெடுத்துக்கணுமான்னு கேட்டார். இப்ப டீ குடிச்சுட்டிருக்கார்.

— ஓ... சரி மேடம். குடுத்த வாக்கு வாக்குதான். ஞாயித்துக்கிழமை வந்து, நான் சொன்னது தப்புன்னு சொல்லிடறேன்.

— நீங்க வந்து சும்மா உக்காருங்க. எந்திரிச்சுப் பேசப் போறது நான். ஒளிஞ்சு நின்னு பேசறேன்னு நினைக்காதீங்கம்மா, இது அத்தனையும் அவர் மூஞ்சிக்கு நேரா நின்னுதான் சொல்லிட்டிருக்கேன்.