நம்பர் வரட்டும்

செய்தி பார்க்காமல் எனக்குக் காலையில் காபி இறங்காது. எந்த நாட்டில் விலைவாசி ஏறியது, எந்த மத்திய வங்கித் தலைவர் எந்த வார்த்தையை மென்று முழுங்கினார் என்று தெரிந்துகொண்டுதான் மற்ற வேலை. வெளிநாட்டு நாணய வியாபாரம் சூதாட்டம் இல்லை, ஐயா. அப்படி இருந்தால் அண்ணன் பணத்தை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

அண்ணன் லேத் பட்டறை வைத்திருந்தார். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர். வீட்டை அடமானம் வைத்துப் பணம் தந்தபோது ஒன்றுதான் கேட்டார்.

"இதெல்லாம் உனக்குப் புரியுதாடா?"

"புரியுதுண்ணா."

உண்மையாகவே புரிந்தது. ஆனாலும் விலைவாசி எண் ஒருமுறை காலை வாரியது, வட்டி அறிவிப்பு இன்னொருமுறை. கடைசியாக மிஞ்சியதை, என் போனை விற்ற காசையும் சேர்த்து, டாலர் ஏறும் என்று போட்டேன். அன்று மாலை அமெரிக்க வேலைவாய்ப்பு எண் வரவிருந்தது. அங்கே வேலை பெருகினால் வட்டியை இப்போதைக்குக் குறைக்க மாட்டார்கள். வட்டி குறையாவிட்டால் டாலர் ஏறும். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

வீட்டு இன்டர்நெட்டைப் பணம் கட்டாததால் நிறுத்தியிருந்தார்கள். அண்ணனின் பழைய போனிலிருந்துதான் கம்ப்யூட்டருக்கு இணைப்பு. அதில் யாராவது பேசினால் இணைப்பு போய்விடும். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணன் பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், ஒரு மாதிரி இருக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுடா."

"இதோண்ணா. நம்பர் வரட்டும்."

அவர் போனை எடுக்கக் கை நீட்டினார். நான் அதை மேசையின் மறுபக்கம் நகர்த்தினேன். பிடுங்கினேன் என்று சொல்ல முடியாது. பிடுங்க வேண்டிய அளவுக்கு அவர் கையில் பலம் இல்லை. அண்ணி துணிக்கடை வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது, டிவி சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கதவைத் தட்டியிருக்கலாம்தான். ஆனால் எண் வரும் நேரத்தில் திரையை விட்டு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

எண் வந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம். டாலர் விருட்டென்று மேலே போனது.

"வந்துச்சா?" என்றார் அண்ணன்.

"வந்துருச்சுண்ணா. நம்ம பக்கம்தான்."

அவர் சிரித்தார் என்றே நினைக்கிறேன். பாருங்கள், அவரும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அப்போதே விற்றிருந்தால் போன பணத்தில் பாதி திரும்பியிருக்கும். ஆனால் பாதிப் பணத்தில் பாதி வீட்டையா மீட்க முடியும்? இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று விட்டேன். அவர் என் கணுக்காலைப் பிடித்திருந்தார். எனக்குத் தொந்தரவாக இல்லை.

பிறகு அந்த வேலைவாய்ப்பு அறிக்கையின் அடுத்த வரியைச் சந்தை படித்தது. முந்தைய மாதங்களின் எண்களைப் பெரிதாகக் குறைத்துத் திருத்தியிருந்தார்கள். ஏறிய டாலர் ஏறிய வேகத்திலேயே சரிந்தது. திரும்பும் என்று காத்திருந்தேன். இத்தனை ஆண்டு பார்த்தவன் சொல்கிறேன், முதல் சரிவு பெரும்பாலும் திரும்பும். அன்று திரும்பவில்லை. கணக்கில் ஒன்றும் மிஞ்சாததால் புரோக்கர் கம்பெனியே என் வியாபாரத்தை முடித்துவிட்டது. கணுக்காலில் இருந்த பிடி எப்போது விட்டதென்று நான் கவனிக்கவில்லை.

இனி இணைப்பு தேவையில்லை. போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். வலி எப்போது தொடங்கியது என்று ஒரு பெண் கேட்டார். இப்போதுதான் என்றேன்.

அது பொய் இல்லை, ஐயா. எனக்கு அப்போதுதான் தொடங்கியது.