ஏழையும் தூங்க வைத்தவர்

திருநெல்வேலி பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு கம்ப்யூட்டர் வாத்தியார்கள்.

"ஏழையும் தூங்க வச்சிட்டேன் வே," என்றார் மீசைக்காரர். பக்கத்தில் நின்ற அம்மாள் பையை இறுக்கிக்கொண்டார்.

"எத?" என்றார் நண்பர்.

"டைப் அடிக்கிற எடிட்டர்ல நான் சேத்த குட்டி புரோகிராமுகள. திறந்தா ஏழும் ஒண்ணா எந்திரிச்சு வரும், அஞ்சு நிமிசம் ஆவும். இப்பம் கூப்பிட்டாத்தான் வரும்."

"சென்டர் முதலாளி பாத்தாரா?"

"முன்னால அந்த ஏழையும் தூக்கி எறியச் சொன்னவரு, இப்பம் எல்லா மிஷின்லயும் போடச் சொல்லுதாரு."

"பெறவு ஏன் வே மூஞ்சி இப்படி இருக்கு?"

மீசைக்காரர் ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டத்தைப் பார்த்தார்.

"என் மிஷின்ல டைப் அடிக்க வார கோமதி டீச்சர், அது திறக்குற அந்த அஞ்சு நிமிசந்தான் எங்கிட்ட பேசுவாங்க. இன்னைக்கு வந்ததும் டைப் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க."