ஒன்பது வருஷத் தூது

நான்: கையெழுத்து ஒண்ணுதானே கேக்கறேன்... சொத்தையா எழுதி வாங்கறேன்?

நாத்தனார்: நகருங்க அண்ணி, துணி காயப்போடணும்.

நான்: டிவிக்காரர் அஞ்சு மணிக்கு வந்துடுவாரு. கதையில வர்றவங்க எல்லாரும் சம்மதம்னு எழுதிக் கொடுத்தாத்தான் நாடகமா எடுப்பாங்களாம். உயிரோட இருக்கறது நாம ரெண்டு பேர்தான்.

நாத்தனார்: உங்க புருஷனைப் பத்தி நீங்க புத்தகம் எழுதினீங்க. அதுல நான் எதுக்கு?

நான்: அவரு உனக்கு அண்ணன் இல்லையா? ஒன்பது வருஷம் ஒரே வீட்டுல, அவரு கீழயும் நீ மாடியிலயுமா பேசாம இருந்தீங்க. கதையே அதுதான்.

நாத்தனார்: ஊர் சிரிக்கும்.

நான்: சிரிக்கட்டும்னுதான் எழுதினேன். அவரு மேடையில நின்னப்ப சிரிக்காத ஊரா?

நாத்தனார்: அதையும்தான் எழுதிட்டீங்களே...

நான்: பின்ன! பத்து வருஷம் விபத்தே இல்லாம பஸ் ஓட்டினதுக்குப் பாராட்டு விழா. அன்னைக்குப் பார்த்து நீ மாடிப்படிக் கைப்பிடிக் கம்பிகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சே. ஈரம்னு ஒரு வார்த்தை...

நாத்தனார்: சொன்னேன்! அவரு காதுல...

நான்: சாஞ்சு நின்னு ஷூ மாட்டிட்டுப் போயிட்டாரு. மேடையில மெடலை வாங்கிட்டுத் திரும்பினா, வெள்ளைச் சட்டை முதுகுல நாலு பட்டை.

நாத்தனார்: ...மூணு.

நான்: அன்னைக்கு நின்னதுதானே உங்க பேச்சு. டிவிக்காரர் இதைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'அறுபது எபிசோட் தாங்கும்மா'ன்னாரு.

நாத்தனார்: கடைசி அத்தியாயம் வேண்டாம். அதை நீக்கிட்டா போடறேன் கையெழுத்து.

நான்: அது இல்லாம என்னடி கதை? அவரு ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சு, 'தங்கச்சியைக் கூப்பிடு, அவமேல எனக்குக் கோவமில்ல'ன்னு சொல்ற இடம்...

நாத்தனார்: சொன்னாரா?

நான்: எழுதியிருக்கேனே.

நாத்தனார்: எழுதினதைப் படிச்சேன். சொன்னாரான்னு கேக்கறேன்.

நான்: மயக்கம் தெளியவே இல்ல. ஒரு வார்த்தைகூட... பேசாமலே போயிட்டாரேன்னு நீ உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருப்பேன்னு நினைச்சேன். புத்தகத்துலயாவது பேசட்டுமேன்னு...

நாத்தனார்: அவரு பேர்ல நீங்களா பேசறது இன்னைக்கு நேத்தா? 'மோட்டாரை நிறுத்தலன்னா வயரைப் பிடுங்கிடுவேன்னு சொல்லு'ன்னு அனுப்புவாரு. நீங்க மாடி ஏறி வந்து, 'இருட்டுல நீ இறங்கவேணாமாம், அவரே நிறுத்திக்கறாராம்'பீங்க.

நான்: அவரு சொல்லி அனுப்பினது உனக்கு எப்படித் தெரியும்? சமையலறையில என்கிட்ட மெதுவாச் சொன்னது. மாடிக்குக் கேக்காதே!

நாத்தனார்: அந்த முனையைப் பிடிங்க, போர்வை தரையில படுது.

நான்: போர்வை கிடக்கட்டும். சொல்லு.

நாத்தனார்: ஆபீசுக்கு நடந்து போறேன்னு சொல்லுவேன்ல... நடக்கல. எட்டேகால் பஸ்.

நான்: அது அவரோட பஸ்ஸாச்சே!

நாத்தனார்: அவருக்குப் பின்னாடி சீட்டு. 'டிரைவருடன் பேசக்கூடாது'ன்னு போர்டு இருக்கும். அதுக்கு நேர் கீழ உக்காந்து, ஸ்டாப் வர்ற வரைக்கும் பேச்சுதான். அவரு என்ன சொல்லி அனுப்பினாரு, நீங்க வந்து என்ன சொன்னீங்கன்னு ஒத்துப் பார்ப்போம். ஒருநாள் சிரிச்ச சிரிப்புல என் ஸ்டாப்பையே தாண்டிட்டாரு.

நான்: எப்பலேர்ந்து?

நாத்தனார்: பெயிண்ட் அடிச்ச மூணாவது வாரத்துலேர்ந்து.

நான்: அடப்பாவிகளா! மழையிலயும் வெயில்லயும் படி ஏறி இறங்கி முட்டி தேஞ்சது எனக்கு!

நாத்தனார்: அழறீங்களா, சிரிக்கறீங்களா?

நான்: எனக்கே தெரியல... பேசினாரா உன்கிட்ட? நிஜமாவே?

நாத்தனார்: போதும் போதும்ங்கற அளவுக்கு. ஆஸ்பத்திரியைத் தூக்கிட்டு அந்த பஸ்ஸை எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்.

நான்: எழுதறேன். ஆனா என்கிட்ட ஏன்டி மறைச்சீங்க?

நாத்தனார்: நான் சொல்லிடலாம்னுதான் சொன்னேன். நீங்க கல்யாணமாகி வந்து ரெண்டு வருஷம், என்கிட்ட நாலு வார்த்தை பேசினதில்ல. யார்கிட்டயுமே பேசல. தூது வர ஆரம்பிச்ச பிறகுதான் என் கட்டில்ல காலை நீட்டி உக்காந்து ஊர்க்கதை எல்லாம் பேசினீங்க. அண்ணன்தான் தடுத்துட்டாரு... 'நாம ராசியாயிட்டோம்னு தெரிஞ்சா அவ மாடிக்கு வர்றதை நிறுத்திடுவா. உன்னைப் பார்த்துட்டுக் கீழ வரும்போதுதான் சிரிச்சுக்கிட்டே வர்றா. இன்னும் கொஞ்ச நாள் சண்டையிலயே இருப்போம்'னாரு.